ரப்பரை இழுத்துப் பார்த்தவர்கள்

ஆடித்தபசு நாட்களில் ரதவீதியில் பலூன் விற்பவர்களைக் கவனித்திருப்பீர்கள். புது பலூனை எடுத்தவுடன் வாயில் வைக்கமாட்டார்கள். இரண்டு கையாலும் இரண்டு மூன்று தடவை நன்றாக இழுத்து விட்டுத்தான் ஊதுவார்கள். ஏன் என்று ஒருவரிடம் கேட்டேன். "இழுத்து விட்டாத்தான் சார் லேசா ஏறும்" என்றார். சரியான பதில். இதையே ஐரோப்பாவில் பெரிய பெரிய ஆட்கள் பல வருஷம் மண்டையைக் குழப்பிக்கொண்டு கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார்கள். அவர்கள் கணக்குக்கும் நம் ஊரிலிருந்து கடல் கடந்து போன ஜனங்களுக்கும் உள்ள சம்பந்தத்தை எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. வீட்டில் அகலமான ரப்பர் பேண்ட் இருந்தால் எடுங்கள். உதட்டில் தொட்டுக்கொண்டு சட்டென்று இழுங்கள். வெதுவெதுவென்று இருக்கும். இழுத்தபடியே கொஞ்ச நேரம் வைத்திருந்து, சட்டென்று தளர்த்தி மறுபடி உதட்டில் வையுங்கள். இப்போது குளுமை. எழுபது வயதில் உதட்டில் ரப்பர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பேரப்பிள்ளைகள் சிரிக்கும். சிரிக்கட்டும்.

இதை முதலில் செய்து எழுதிவைத்தவர் ஜான் கஃப் என்ற ஆங்கிலேயர். இங்கிலாந்தின் வடக்கே கெண்டல் என்ற சிற்றூர்க்காரர். சிறு குழந்தையிலேயே அம்மை வார்த்துக் கண் போய்விட்டது. அப்படியும் கணிதம், தாவரவியல் எல்லாம் கற்று, பிற்காலத்தில் அணுக்கொள்கை சொன்ன ஜான் டால்டனுக்கே பாடம் சொல்லிக்கொடுத்தவர். கண் இல்லாதவருக்கு உதடுதான் வெப்பமானி. 1805-ல் அச்சான அவருடைய கட்டுரையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ரப்பர்ப் பட்டையின் கீழ் நுனியில் எடை தொங்கவிட்டுச் சூடு காட்டினால், பட்டை நீளவில்லை. சுருங்கி எடையை மேலே தூக்கியது. இரும்புக் கம்பியைச் சுடவைத்தால் நீளும் என்று எல்லோருக்கும் தெரியும். ரப்பர் மட்டும் ஏன் தலைகீழ்? கஃபால் சொல்ல முடியவில்லை. 1859-ல் ஜூல் நுட்பமான கருவி வைத்து அளந்து, கண்ணில்லாதவர் சொன்னது அத்தனையும் சரிதான் என்று காட்டினார். காரணம் தெரிய இன்னும் முக்கால் நூற்றாண்டு ஆயிற்று.

இங்கே என் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நான் படித்தது பிரெஞ்சு வழியில். எழுதியதை அழிக்கும் ரப்பருக்கு அங்கே 'கோம்' என்று பெயர். ரப்பர் என்ற பொருளுக்குக் 'கௌச்சூ'. அந்தக் கடைசிச் சொல்லைப் பிரெஞ்சுக்காரருக்குக் கொண்டுவந்தவர் லா கோந்தமீன். பூமி உருண்டையின் அளவைப் பார்க்க நடுக்கோட்டுக்கு அனுப்பப்பட்ட கூட்டத்தில் ஒருவர். போன இடத்தில் அங்குள்ள பூர்வகுடிகள் ஒரு மரத்தின் பாலை உறையவைத்துப் பலவிதப் பொருள் செய்வதைப் பார்த்து, 1736-ல் கீட்டோவிலிருந்து பாரிஸ் அகாதெமிக்கு மாதிரி அனுப்பினார். அமேசான் காட்டுச் சனங்கள் வைத்த பெயரைத்தான் நாங்கள் காரைக்காலில் பிரெஞ்சுச் சொல் என்று மனப்பாடம் செய்தோம். ஆங்கிலத்தில் 'ரப்' என்றால் தேய்ப்பது. பென்சில் கோட்டைத் தேய்த்து அழிக்க உதவியதால் 'ரப்பர்'. அவ்வளவுதான் அந்தப் பெயரின் பெருமை.

ஆனால் அந்த நாள் ரப்பர் வெயிலில் பசையாகும், குளிரில் விறைத்துப்போகும். அதை மழைக்கோட்டாகத் தைத்துப் போட்டவர்கள் கோடை வந்ததும் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1839-ல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இரண்டு குறையும் தீரும் என்று கண்டுபிடித்தார். கடன்காரச் சிறையெல்லாம் பார்த்த மனிதர், சாகும்போதும் கடனாளி. இன்று அவர் பெயரில் விற்கும் டயருக்கும் அவர் குடும்பத்துக்கும் சம்பந்தமில்லை. அதற்குப் பின் 1845-ல் லண்டனில் ஸ்டீபன் பெர்ரி ரப்பர் பேண்டுக்குக் காப்புரிமை வாங்கினார்.

கந்தகம் என்ன செய்கிறது? ரப்பர் ஏன் இழுபடுகிறது? நம் ஊர்க்காரர்களுக்கு இதைத் தறியை வைத்தே சொல்லிவிடலாம். தறி மூலையில் சிக்கு நூல் பந்தாகக் கிடக்கும் அல்லவா? ரப்பரின் மூலக்கூறுகள் அப்படித்தான்: மிக நீளமான, மெல்லிய இழைகள், ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. இழுக்கும்போது இழை நீளவில்லை. சுருண்டு கிடந்தது நேராகிறது, அவ்வளவுதான். அதனால்தான் இரும்பு நூற்றில் ஒரு பங்கு நீள்வதற்குள் வளைந்து கெட்டுவிட, ரப்பர் ஏழு மடங்கு நீண்டும் பழையபடி வருகிறது. கந்தகம் போடுவது அங்கங்கே முடிச்சு. முடிச்சு இல்லாவிட்டால் இழைகள் வழுக்கிக்கொண்டு போய்விடும். முடிச்சு அளவோடு இருந்தால் பலூன், டியூப். மிக அதிகமாகப் போட்டால் எபோனைட். நம் காலத்து மைப்பேனாக்களின் கறுப்பு உடம்பு அதுதான். ரப்பருக்கு அண்ணன் என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

சரி, நேரான இழை ஏன் திரும்பச் சுருள வேண்டும்? இருபது பிள்ளைகளைக் கைகோக்க வைத்து இரண்டு ஓரத்துப் பிள்ளைகளையும் பிடித்து நேராக நிறுத்திப் பாருங்கள். நடுவில் உள்ளவர்கள் சும்மா நிற்பார்களா? ஒருவன் குதிப்பான், ஒருத்தி திரும்புவாள். அந்த ஆட்டத்தில் ஓரங்கள் இரண்டும் தானாக உள்ளே இழுபடும். எவ்வளவு ஆட்டம் போடுகிறார்களோ அவ்வளவு பலமாக இழுக்கும். மூலக்கூறுகளின் ஆட்டத்துக்குப் பெயர் வெப்பம். சூடு காட்டினால் ஆட்டம் கூடும், ரப்பர் சுருங்கும், எடை மேலே ஏறும். கஃபின் புதிருக்கு விடை அதுதான். 1930-களில் மேயர், கூன், குத், மார்க் முதலிய ஐரோப்பிய வேதியியலாளர்கள் இந்த விடையைக் கணக்கோடு நிறுவினார்கள். மூலக்கூறு இவ்வளவு நீளமாக இருக்க முடியும் என்று 1920-ல் சொன்ன ஷ்டௌடிங்கரை அந்த நாளில் கேலி செய்தவர்கள் நிறைய. 1953-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இனி நம் கதைக்கு வருகிறேன். இவ்வளவு ரப்பர் எங்கிருந்து வந்தது?

1876-ல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். நூற்றுக்கு நாலுதான் முளைத்தது. முளைத்ததில் ஏறக்குறைய 1,900 நாற்றுகள் அதே வருஷம் இலங்கைக்குக் கப்பலேறி, ஹெனரத்கொடையில் நடப்பட்டன. அடுத்த வருஷம் 22 கன்றுகள் சிங்கப்பூர் போயின. அங்கே தோட்டத்துறை இயக்குநராக இருந்த ரிட்லி என்பவர், மரத்தை வெட்டிச் சாய்க்காமல் பட்டையை மெல்லியதாகச் சீவிச் சீவிப் பால் எடுக்கலாம் என்று கண்டார். சட்டைப்பையில் விதையை வைத்துக்கொண்டு பார்க்கிற தோட்டக்காரரிடமெல்லாம் நடச்சொல்லி வற்புறுத்தியதால் 'கிறுக்கு ரிட்லி' என்று பெயர். மோட்டார் கார் வந்தது. டயருக்கு ரப்பர் வேண்டும். கிறுக்கர் சொன்னதைக் கேட்டவர்கள் கோடீசுவரர் ஆனார்கள். அவர் நூறு வயது தாண்டி 1956-ல் இறந்தார்.

மரம் வளர்ந்தால் போதுமா, சீவ ஆள் வேண்டாமா? கங்காணிகள் நம் ஊர்களுக்கு வந்தார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைக்குப் போனவர்கள் அதிகம். திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்குப் போனவர்கள் அதிகம். 'ரஜூலா' கப்பலின் பெயரைக் கேட்டால் இன்றைக்கும் கண்கலங்கும் கிழவிகளைக் காரைக்கால் பக்கம் நான் பார்த்திருக்கிறேன். மலாயாத் தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு. பெயர் கூப்பிட்டதும் கத்தியும் வாளியுமாக மரத்துக்கு மரம். மங்கில் சொட்டும் பாலைச் சேர்த்து நிறுவைக்குக் கொண்டுபோக வேண்டும். கணக்கு எழுதுகிறவருக்கு அங்கே 'கிராணி' என்று பெயர். என் உத்தியோகமும் அதுதான் என்பதால் சொல்கிறேன்: கிராணிகளைப் பற்றித் தோட்டத்து ஜனங்கள் நல்லவிதமாகப் பேசியதைக் கேட்டதில்லை.

1930-களில் தினக்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1938-ல் அதிலும் 5 காசு குறைத்தார்கள். இந்திய அரசாங்கம் இனி மலாயாவுக்குக் கூலியாட்களை அனுப்புவதில்லை என்று அந்த வருஷமே தடை போட்டது. அத்தோடு கங்காணி முறை முடிந்தது.

அதே 1938-ல் இங்கிலாந்தில் பிரிட்டிஷ் ரப்பர் உற்பத்தியாளர் ஆராய்ச்சிச் சங்கம் என்று ஒன்று பிறந்தது. இடம் லண்டனுக்கு வடக்கே வெல்வின் கார்டன் சிட்டி. அதற்குப் பணம் யார் கொடுத்தது? முக்கியமாக மலாயா தோட்டங்கள், ஏற்றுமதியாகும் ரப்பர் மீது கட்டிய செஸ் வரியிலிருந்து. இதைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். ரப்பர் எப்படி இழுபடுகிறது என்பது பற்றி இன்று உலகம் முழுக்கப் பாடமாக நடத்துவதில் பெரும்பகுதி அந்த ஒரு கட்டடத்திலிருந்து வந்தது. டிரெலோர், ரிவ்லின், மல்லின்ஸ், ஜெண்ட், தாமஸ் என்று அங்கே இருந்தவர்கள் ஒவ்வொருவரும் அந்தத் துறையில் ஒரு தூண். அவர்களுக்குச் சம்பளம் வந்த பணம், ஒரு மங்குப் பாலுக்கு இத்தனை என்று, நம்மவர்கள் சீவிய மரத்திலிருந்து சொட்டியது.

டிரெலோர் 1944-ல் வெளியிட்ட அளவைகளை இப்போதும் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். ரப்பர்ப் பட்டையை ஏழு மடங்குக்கும் மேலே இழுத்து, ஒவ்வொரு அடியிலும் எவ்வளவு பலம் தேவைப்பட்டது என்று குறித்தார். முதலில் கொஞ்சம் முரண்டு, பிறகு நெடுந்தூரம் லேசாக வருவது, கடைசியில் இழைகளெல்லாம் நேராகி இனி நீள இடமில்லை என்றதும் திடீரென்று விறைப்பு. பலூன் ஊதும்போது நீங்கள் உணர்வதும் இதே மூன்று கட்டந்தான். ரிவ்லின் அதற்குக் கணிதம் அமைத்துக் கொடுத்தார். கனமான ரப்பர்த் தண்டை முறுக்கினால் அது நீளப் பார்க்கும் என்பதெல்லாம் அவர் கணக்கில் வருகிறது. ரப்பர் கிழிய எவ்வளவு சக்தி வேண்டும் என்று 1953-ல் அவரும் தாமஸும் எழுதிய முறையைத்தான் டயர்க் கம்பெனிகள் பின்பற்றின.

டிரெலோர் அளந்துகொண்டிருந்த அந்த வருஷங்களில் மலாயா ஜப்பான்காரர் கையில். ரப்பர் வாங்க ஆளில்லாமல் தோட்டங்கள் கிடந்தன. வேலையில்லாத தமிழர்களை ஆயிரம் ஆயிரமாக சயாம் - பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுபோனார்கள். காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. அதற்கு முன்பே, 1941-ல், கிள்ளான் பகுதித் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. கேட்டது கூலி உயர்வு மட்டுமில்லை. சைக்கிளில் போகும்போது துரை எதிரே வந்தால் இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தையும் எடுக்கச் சொன்னார்கள். அந்தச் சைக்கிள் டயருக்குப் பால் எடுத்துக் கொடுத்தவனே அதில் உட்கார்ந்து போகக்கூடாது! பட்டாளம் வந்து சுட்டது. ரப்பர் விஞ்ஞானத்தின் வரலாறு என்று நான் படித்த எதிலும் இந்தப் பக்கம் இல்லை. விஞ்ஞானிகளைக் குறை சொல்லவில்லை, அவர்கள் வேலையை ஒழுங்காகச் செய்தார்கள். செலவுக் கணக்கு எழுதும்போது வரவு எங்கிருந்து வந்தது என்றும் எழுத வேண்டும் என்பது என் உத்தியோக புத்தி.

இனி பலூன்காரர் சொன்ன விஷயம். ஒரு தடவை நன்றாக இழுபட்ட ரப்பர் அடுத்த தடவை அதே அளவுக்கு இழுக்கக் குறைந்த பலமே கேட்கும். முன்பு இழுத்த எல்லையைத் தாண்டினால் மட்டும் மறுபடி முரண்டும். அதாவது, தன்னை எவ்வளவு தூரம் இழுத்தார்கள் என்பதை ரப்பர் ஞாபகம் வைத்திருக்கிறது. வெல்வினில் லெனார்ட் மல்லின்ஸ் 1940-களில் இதை விரிவாக ஆராய்ந்ததால் இதற்கு 'மல்லின்ஸ் விளைவு' என்று பெயர். பிரெஞ்சு படித்தவன் என்ற முறையில் ஒரு ஆட்சேபணையைப் பதிவு செய்கிறேன். துலூஸ் பல்கலைக்கழகத்து புவாஸ், காரியேர் என்ற இருவர் 1903-லேயே ரப்பரைத் திரும்பத் திரும்ப இழுத்து இந்தக் குணத்தை எழுதிவிட்டார்கள். கட்டுரையை நான் படித்தேன். பாதிக் கணக்கு புரியவில்லை, ஆனால் பிரெஞ்சு நன்றாக இருந்தது. கரித்தூள் கலந்த ரப்பரில் இந்த விளைவு மிக அதிகம். கரித்துகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் இழைகள் முதல் இழுப்பில் பிய்ந்தும் வழுக்கியும் போய்விடுகின்றன என்பது ஒரு காரணம். பழைய டியூபை வாராகக் கிழித்து சைக்கிள் கேரியரில் மூட்டை கட்டியவர்களுக்கும், கவட்டை கட்டிக் குருவி அடித்தவர்களுக்கும் முதல் இழுப்பின் முரண்டு கைக்குத் தெரியும்.

இழுத்தபடியே வைத்திருந்தால் என்ன ஆகும்? அதற்கு ஆவண அறையைப் பார்க்க வேண்டும். கட்டுக்குப் போட்ட ரப்பர் பேண்டைப் பத்து வருஷம் கழித்து எடுத்தால் தொளதொளவென்று இருக்கும், இல்லையென்றால் தொட்டவுடன் பொடிந்து காகிதத்தில் மஞ்சளாக ஒட்டிக்கொள்ளும். காற்றிலுள்ள ஆக்சிஜன் இழைகளை அறுக்கிறது. ஓசோன் என்ற வாயு மிகச் சிறிதளவே காற்றில் இருந்தாலும், விறைப்பாக இழுபட்டிருக்கும் ரப்பரைத் தேடிப்பிடித்துக் குறுக்கே கீறும். தளர்ந்து கிடக்கும் ரப்பரில் அந்தக் கீறல் விழுவதில்லை. சர்க்காரின் சிவப்பு நாடாவை எல்லோரும் பழிக்கிறார்கள். ஆவண அறையில் ஐம்பது வருஷம் தாங்கியது அந்தப் பருத்தி நாடாதான்.

நுங்கும் ஏறத்தாழ ரப்பரின் உறவுதான். அதுவும் இழை வலை, நடுவில் முழுக்கத் தண்ணீர். சைனா கிராஸ் போட்டுச் செய்யும் பாயசமும் அப்படியே. தண்ணீர் உள்ளே புகுந்து இழைகளை முன்கூட்டியே விரித்துவிடுவதால் மேற்கொண்டு இழுக்க இடமில்லை; விரலால் அழுத்தினால் உடைகிறது. 2003-ல் ஜப்பானில் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் ஜியான் பிங் கோங் என்ற பெண்மணியும் அவருடன் இருந்தவர்களும், ஒரே ஜெல்லிக்குள் இரண்டு வலைகளைப் பின்னினார்கள். ஒன்று முறுகலானது, இன்னொன்று தளர்வானது. இழுத்தால் முறுகல் வலை அங்கங்கே உடைந்து அடியை வாங்கிக்கொள்ளும். தளர்வான வலை பிடித்து நிறுத்தும். பெரும்பகுதி தண்ணீரே ஆன ஜெல்லி, ரப்பர் மாதிரி தாங்குகிறது. அதுவும் முதல் இழுப்பில் முரண்டி, அடுத்ததில் இளகுகிறது. மூட்டுக் குருத்தெலும்புக்கு மாற்றாக இதைப் பயன்படுத்தலாமா என்று பார்க்கிறார்களாம். என் வலது முழங்கால் ஆவலோடு காத்திருக்கிறது.

தமிழ்நாட்டில் ரப்பர்த் தொழில் என்றால் டயர்தான் நினைவுக்கு வரும். ஆனால் எம்.ஆர்.எஃப். தொடங்கியது பலூனில். 1946-ல் கே.எம். மம்மன் மாப்பிள்ளை சென்னை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்தார். பழைய டயருக்கு மேல்பட்டை ஒட்டும் ரப்பருக்கு 1952-ல் வந்தார். டயருக்கு வர அதற்கும் மேலே ஒன்பது பத்து வருஷம்.

மரங்களோ கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கின்றன. திருவிதாங்கூரில் 1902-ல் பெரியாற்றங்கரைத் தட்டேக்காட்டில் தோட்டம் போட்ட காலத்திலிருந்தே மலையாளக் கரையில் ரப்பர் பரவியது. 1956 நவம்பரில் அந்த மாவட்டம் நம்மோடு சேர்ந்தபோது ரப்பருக்கேற்ற மழையும் நமக்குக் கிடைத்தது. 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். தலைமுறைகளாக இலங்கையில் இருந்தவர்களை மூட்டை முடிச்சோடு திருப்பி அனுப்பினார்கள். அவர்களில் ஒரு பகுதிக்குக் கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு, கோதையாறு பக்கத்து அரசு ரப்பர்த் தோட்டங்களில் வேலை கிடைத்தது. 1984-லிருந்து அவை அரசு ரப்பர் கழகத்தின் கீழ் இருக்கின்றன.

அங்கே பால்வெட்டு இன்றும் கையால்தான். ஒரு வெட்டில் சீவுவது ஒன்றரை மில்லிமீட்டர் கனம்கூட இராது. கத்தி கொஞ்சம் ஆழமாகப் போய்க் கட்டையைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் பட்டை முண்டுமுண்டாக வளரும், பிறகு அங்கே வெட்ட முடியாது. இருட்டோடு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். வெயில் ஏறிவிட்டால் பால் ஓட்டம் குறைந்துவிடும்.